வேர் எழும்பிய பக்கம்

மகன்,

அஸ்ஸலாமு அலைக்கும். கல்முனையிலிருந்து சம்மாந்துறைக்குக் கடிதம் எழுதுகிற முதல் உம்மா நானாகத்தான் இருப்பேன். பஸ் ஏறி ஒரு வாய் வெற்றிலை மென்று முடிவதற்குள் இறங்கிவிடலாம். நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு உன் தங்கச்சி சிரிக்கிறாள். "நாளைக்குத்தானே காவின் எழுதுற கலியாணம், கிட்டடியில இரிக்கிற புள்ளைக்கு என்னத்துக்கு உம்மா கடுதாசி?" என்கிறாள். வாயால் சொல்ல முடிந்திருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேனே. உன் உடுப்புப் பெட்டிக்குள், புதுச் சாறனுக்கு அடியில் இதை வைக்கப் போகிறேன். அங்கே போய், கலியாணக் கூட்டம் கலைந்த பிறகு, ஒரு பகல் பொழுதில் தனியே இருந்து படி. எட்டாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து இது. பிழை இருந்தால் சிரி, ஆனால் கடைசி வரை படி.

எங்கள் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாததல்ல. வீடு பெண்பிள்ளைக்கு, ஆண்பிள்ளைக்கு வாசல்படி. உன் தங்கச்சிக்கு இந்த வீடு, எனக்கு வீட்டின் பின்னால் இருக்கிற குசினி அறை, உனக்குச் சம்மாந்துறையில் பெண்டாட்டி வீடு. கடற்கரையில் பிறந்து வளர்ந்த நீ வயல் பக்கம் குடிபோகிறாய். முதலில் உனக்கு மூச்சு முட்டும். இங்கே பகல் பத்து மணி ஆனால் மணல் சூடேறி, அதன்மேல் இருக்கிற காற்றும் சூடாகி மேலே எழும்பிவிடும். அந்த வெறும் இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வரும். இரவில் தரை முதலில் ஆறிவிடுவதால் காற்று திரும்பிக் கடலுக்குப் போகும். அந்தக் காற்றோடுதான் உன் வாப்பாவின் ஆட்கள் தோணி இறக்குவார்கள். சம்மாந்துறைக்குக் கடற்காற்று வந்து சேரும்போது பகல் சாய்ந்துவிடும், வந்தாலும் களைத்துப் போய்த்தான் வரும். வைகாசி, ஆனி மாதங்களில் கச்சான் வேறு அடிக்கும். அந்தக் காற்றை நான் சபிக்காத வருசம் இல்லை. நீ ஏ.எல். பரீட்சைக்குப் படித்த காலத்தில்தான் அதன் கதை எனக்குத் தெரியவந்தது. மலைக்கு அந்தப் பக்கமே தன்னிடம் இருக்கிற மழையையெல்லாம் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு இந்தப் பக்கம் இறங்குகிறதாம். இறங்க இறங்கச் சூடேறி, நம் வாசலுக்கு வரும்போது நெருப்பாகிவிடுகிறதாம். அந்தப் பக்கத்து ஆட்கள் அதே காற்றுக்குக் குடை பிடிக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒருவர் உன்னிடம் வறண்டு போய் எரிந்து விழுந்தால், அவர் தன் ஈரத்தை எங்கேயோ கொட்டிவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள். கச்சான் காலத்தில் பெண்டாட்டியோடு வழக்குப் பேசாதே. மாமியாரோடு எந்தக் காலத்திலும் பேசாதே.

இன்னொன்றும் உன் பாடத்தில் இருந்து எடுத்துச் சொல்கிறேன். இன்றைக்கு மழை, நாளைக்கு வெயில் என்பது வானிலை. பல வருசம் பார்த்து, இந்த ஊர் ஐப்பசி கார்த்திகையில் நனையும், ஆடியில் காயும் என்று தெரிந்துகொள்வது காலநிலை. நீ கட்டப் போகிற பிள்ளையின் ஒரு நாள் முகத்தைப் பார்த்து அவள் குணம் இதுதான் என்று முடிவுகட்டாதே. நானும் உன் வாப்பாவும் சேர்ந்திருந்த காலத்தில் அவருடைய கோபத்தை எத்தனையோ தடவை பார்த்தேன். அவருடைய குணத்தை ஒரே ஒரு ராத்திரியில்தான் முழுசாகக் கண்டேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன், பொறுத்துக்கொள்.

நீ யாரையும் கூப்பிடுவதில்லை, மகன். நீ அதை அறிவாயோ தெரியாது, நான் அறிவேன். என்னிடம் ஏதும் வேண்டுமென்றால் வந்து முதுகுக்குப் பின்னால் நிற்பாய். நான் திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டு, "பூனை மாதிரி வந்து நிக்கிற, ஒரு சத்தம் போட்டா என்ன?" என்று ஏசுவேன். ஒருநாள் பரீட்சைக்குப் போக வேண்டிய பஸ் உன்னை விட்டுவிட்டுப் புறப்பட்டது. "நிப்பாட்டுங்க" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் நின்றிருக்கும். நீ வாய் திறக்காமல் பக்கத்து ஊர் பாண்டிருப்பு வரை ஓடியே போனாய். உன் கூட்டாளிமார் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நான் குசினிக்குள் போய் அழுதேன். ஏனென்றால் காரணம் எனக்குத் தெரியும். நீ கூப்பிட்டதால்தான் வாப்பா உயிர் போய் மௌத்தானார் என்று பதினொரு வயதிலிருந்து நம்பிக்கொண்டிருக்கிறாய். இன்று உனக்கு இருபத்திரண்டு. அந்த நம்பிக்கையோடு நீ இன்னொரு வீட்டுக்குள் போகக் கூடாது.

சூறாவளி அடித்த அந்த நாளை உனக்கு நான் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. ஆனாலும் நீ பார்த்தது பாதி, நான் பார்த்தது பாதி. றேடியோவில் கடலில் தாழமுக்கம், புயல் வரலாம் என்று சொன்னார்கள். ஒவ்வொரு மாரியிலும் அதைத்தான் சொல்வார்கள், நாங்களும் ஓம் ஓம் என்று கேட்டுவிட்டுச் சோறு ஆக்கப் போவோம். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு உன் வாப்பா, "தோணிய மேல இழுத்துக் கட்டிட்டு வாறன், கதவச் சாத்திக்கங்க" என்று சொல்லிவிட்டுக் கடற்கரைக்குப் போனார். பொழுதுபட்டு, மஃரிபுக்குப் பிறகு காற்று வடக்கிலிருந்து பிடித்தது. காது அடைத்தது. எச்சில் விழுங்கினால் திறந்து, மறுபடி அடைத்தது. பின்யன்னல் பிய்ந்து போன இடத்தால் பார்த்தேன். கிணற்றடித் தென்னை வேரோடு சாய்ந்து தெற்குப் பக்கம், கோழிக்கூட்டின்மேல் விழுந்தது. மின்னல் வெளிச்சத்தில் என் கண்ணால் கண்டேன். குசினித் தகரங்கள் ஒவ்வொன்றாக எழும்பிப் போயின. பக்கத்து வளவுகளில் ஆண்கள் காற்று அடங்கட்டும் என்று அந்த நேரமில்லாத நேரத்தில் பாங்கு சொன்னார்கள், அது பாதிப் பாதியாகக் கேட்டது. நீயும் தங்கச்சியும் கட்டிலுக்கு அடியில் என் மடியைப் பிடித்துக்கொண்டு கிடந்தீர்கள்.

பிறகு காற்று நின்றது. குறையவில்லை, நின்றேவிட்டது. நான் வாசலுக்கு வந்து பார்த்தேன். முழங்கால் அளவு தண்ணீர், மேலே கழுவிவிட்ட மாதிரி வானம், அதில் வெள்ளிகள். எங்கிருந்தோ வந்த கடற்பறவைகள் பறக்க மாட்டாமல் நம் வாசல் தண்ணீரில் மிதந்தன. புழுக்கம் தாங்க முடியவில்லை. அல்லாஹ் காப்பாற்றிவிட்டான் என்று ஊர் வெளியே வந்தது. நீ என் கையை உதறிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடி, கடற்கரைக்குப் போகிற வழியில் இருக்கிற தென்னந்தோட்டத்துப் பக்கம் பார்த்து, தொண்டை கிழிய "வாப்பா" என்று கூப்பிட்டாய். இரண்டு தரம், மூன்று தரம். தோட்டத்துக்குள்ளிருந்து "வாறன்" என்று பதில் வந்தது. அவருடைய குரல்தான், நீயும் கேட்டாய், நானும் கேட்டேன். எனக்கோ காது இன்னும் அடைத்துக்கொண்டே இருந்தது, மனசு சரியில்லை. உன்னை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவுக்குக் குறுக்கே கட்டிலைத் தள்ளினேன். கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பி வந்தது, இந்தத் தடவை தெற்கிலிருந்து. பின்வளவில் மிஞ்சி நின்ற தென்னை வடக்கு வேலியின்மேல் விழுந்தது. விடியும் வரை நீ கதவையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

சுபஹுக்குப் பிறகு, தோட்டத்து மேட்டில், விழுந்து கிடந்த ஒரு தென்னைக்கு அடியில் வாப்பாவைக் கண்டார்கள். தோணியடியில் நின்றவர்கள் அவரவர் எட்டிய மீன்வாடிக் குடிசைக்குள் புகுந்திருந்தார்கள். இவர் எந்த வாடியில் இருந்தார், எப்போது புறப்பட்டார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. "மத்த வாடிக்குள்ள இரிக்கிறார் எண்டுதான் நாங்க நினைச்சம், தங்கச்சி" என்று, அவரோடு தோணி இழுத்த செய்யது காக்கா என்னிடம் யன்னலுக்கு வெளியே நின்று அழுதார். மையித்து வீட்டுக்கு வந்த ஒரு பெண்தான் உன் தலையைத் தடவி அந்தச் சொல்லைச் சொன்னாள். "புள்ளட கொரலக் கேட்டதும் இருந்த இடத்த விட்டுட்டு ஓடி வந்திரிக்கிறாரு, எவ்வளவு பாசம் பாருங்க." அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னாள். கேட்டவர்கள் எல்லாரும் ஓம் என்று தலையாட்டினார்கள். நான் திரைக்கு உள்ளே இருந்து உன் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் பிறகு மாறவே இல்லை. நான் மறுத்துச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நானும் அப்படித்தான் நடந்தது என்று நம்பினேன், மகன்.

பிறகு, புருசனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தா. நாலு மாதமும் பத்து நாளும் நான் வாசல் தாண்டவில்லை. அதற்குள் ஊர் எழும்பிக் கூரை போட்டுக்கொண்டது. விழுந்த தென்னைகளையெல்லாம் அறுத்துக் கூரைக்கு வளையாக்கினார்கள். வாப்பாமேல் கிடந்த மரமும் யாரோ ஒருவர் வீட்டுக் கூரையில் இன்றைக்கும் இருக்கிறது. யார் வீடு என்று நான் விசாரிக்கவில்லை. இத்தா முடிந்த காலையில் முதல் வேலையாகத் தோட்டத்துக்குப் போனேன். மரம் போய், அடிக்கட்டை மட்டும் நின்றது. பெயர்ந்த வேர் ஒரு சின்னச் சுவர் அளவுக்கு எழும்பி நின்றது. அந்தச் சுவருக்கு முன்னால், அவர் கிடந்த இடத்தில் நின்று பாத்திஹா ஓதினேன். காலை வெயில் என் வலது கன்னத்தில் சுட்டது. அது மறக்கவில்லை, ஏனென்றால் அவ்வளவு நாளுக்குப் பிறகு என்மேல் பட்ட முதல் வெயில் அது.

உன் பாடத்துக்கு வருகிறேன். கூப்பிடாத வாய்தான் உனக்கு, ஆனால் புத்தகத்தை மட்டும் முணுமுணுத்துப் படிப்பாய். நான் பக்கத்தில் பன்பாய் இழைத்துக்கொண்டிருப்பேன். காற்றுக்குப் பாரம் உண்டு, வானம் வரை அடுக்கிக் கிடக்கிற அந்தப் பாரம் எந்நேரமும் நம்மேல் இருக்கிறது, உள்ளேயிருந்தும் அதே அளவு தள்ளுவதால் நமக்குத் தெரிவதில்லை என்று படித்தாய். அந்தப் பாரம் குறைந்த இடத்துக்குச் சுற்றியுள்ள காற்று ஓடிவரும், பூமி சுழல்வதால் நேரே வர முடியாமல் ஒதுங்கி ஒதுங்கி அந்த இடத்தையே சுற்றும், பூமியின் நம் பாதியில் அது எப்போதும் கடிகார முள்ளுக்கு எதிராக, இடப்பக்கமாகத்தான் சுற்றும், நடுவில் காற்றே இல்லாத ஒரு கண் இருக்கும் என்று படித்தாய். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, விளக்கைக் குறைத்துவிட்டுப் படுத்தாய். அந்தப் பக்கத்தை நீ மறுபடி திறக்கவில்லை. நான்தான் திறந்தேன். அடுத்த நாள் நீ பள்ளிக்கூடம் போன பிறகு குசினித் தரையில் ஒரு கரித்துண்டை வைத்தேன். அது நம் வீடு. கடல் பக்கமிருந்து பானை மூடியை இடப்பக்கமாகச் சுழற்றிக்கொண்டே மேற்கு நோக்கி நகர்த்தினேன். மூடியின் முன்விளிம்பு கரித்துண்டைத் தொடும்போது காற்று வடக்கிலிருந்து வருகிறது. மூடியின் நடு வரும்போது ஓய்வு. பின்விளிம்பு வரும்போது தெற்கிலிருந்து வருகிறது. அன்றைக்கு நடந்தது அப்படியே இருந்தது.

மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே குந்தியிருந்தேன். முதல் காற்றில் விழுந்த கிணற்றடித் தென்னை தெற்கே விழுந்தது. இரண்டாவது காற்றில் விழுந்த பின்வளவுத் தென்னை வடக்கே விழுந்தது. இரண்டும் நான் கண்ணால் கண்டவை, அவற்றின் அடிக்கட்டைகளை இத்தா இருந்த நாளெல்லாம் யன்னலால் பார்த்துக்கொண்டே இருந்தவள் நான். தெற்கே விழுந்ததற்கு வேர் வடக்கில் எழும்பி நின்றது. வடக்கே விழுந்ததற்குத் தெற்கில். அப்படியென்றால் வாப்பாவின் மரம்? காலை வெயில் வலது கன்னத்தில் பட்டால் என் முகம் வடக்கே பார்த்திருக்கிறது. வேர்ச் சுவர் என் முகத்துக்கு நேரே நின்றது. சோற்றை அடுப்பில் விட்டுவிட்டுத் தோட்டத்துக்கு ஓடினேன். கட்டை பாதி உக்கிப் போயிருந்தது, ஆனாலும் நின்றது. வேர் எழும்பிய பக்கம் வடக்குத்தான்.

விளங்குகிறதா, மகன்? அந்த மரம் முதல் காற்றில் விழுந்தது. நீ கூப்பிடுவதற்கு முன்னாலேயே விழுந்துவிட்டது. அவர் உன் குரலைக் கேட்டு எந்த வாடியையும் விட்டு வரவில்லை. காற்று பிடித்ததுமே, நம் மூவரையும் நினைத்து, தானாகவே புறப்பட்டிருக்கிறார். நீ கிணற்றடியில் நின்று கூப்பிட்டபோது அவர் ஏற்கெனவே அந்த மரத்துக்கு அடியில் கிடந்தார்.

இதை உடனே ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று கேட்பாய். பயம்தான். மரம் முதலில் விழுந்திருந்தால், நாம் கேட்ட அந்தக் குரல் மரத்துக்கு அடியிலிருந்து வந்த குரல். அவர் உயிரோடு இருந்திருக்கிறார். நான் கதவைச் சாத்தியிருக்கிறேன். இத்தனை வருசமாக வடக்கிலிருந்து காற்று வீசினால் எனக்கு நித்திரை இல்லை. காற்று ஓய்ந்தால் அதைவிடப் பயம். ஓய்வில்தானே அந்தக் குரல் வந்தது. சில நாள் பாய் இழைக்கும்போது யாரோ தோட்டத்துக்குள் இருக்கிற மாதிரித் தோன்றி எழும்பிப் போவேன், ஒருவரும் இருக்க மாட்டார்கள். அந்த மரத்தை மறுநாள் ஆண்கள் கூட்டமாகச் சேர்ந்துதான் புரட்டினார்கள். போயிருந்தாலும் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று என் புத்தி சொல்கிறது. மனசு கேட்பதில்லை. ஆனால் அது எனக்கும் அவருக்கும் இடையிலான விசயம். அதை உன் தலையில் ஏற்றுவதற்காக எழுதவில்லை, நீ அதைத் தூக்க வராதே.

உனக்குரியது வேறொன்று இருக்கிறது. அன்றைக்கு அவர் சொன்னதில் பாதிதான் உன் காதில் விழுந்தது. நீ கத்திக்கொண்டிருந்தாய், கடைசிச் சொல் மட்டும் கேட்டாய். நான் வாசலில் நின்று, அடைத்த காதோடும், முழுவதையும் கேட்டேன். "நீ உள்ளுக்க போ மகன், நான் வாறன்" என்றார். முனகவில்லை, உதவி என்று கேட்கவில்லை. கடையிலிருந்து வரும்போது சொல்கிற அதே குரலில் சொன்னார். இடுப்புக்குக் கீழே ஒரு முழுத் தென்னை கிடக்கிற மனுசன் தன்னால் வர முடியாது என்று அறியாமலா இருந்திருப்பார்? வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ அந்தத் தண்ணீருக்குள் ஓடியிருப்பாய், உன் பின்னால் நானும் ஓடியிருப்பேன், தங்கச்சி தனியே கிடந்திருப்பாள். தோட்டத்துக்குள் நிமிர்ந்து நின்ற மற்றத் தென்னைகளில் பாதி அடுத்த காற்றில் விழுந்தன. அவர் வருவதற்காக அதைச் சொல்லவில்லை, மகன். நீ வரக் கூடாது என்பதற்காகச் சொன்னார். உன் குரல் அவரைக் கொல்லவில்லை. பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள் என்று அந்த இருட்டில் அவருக்குச் சொல்ல வேறு யார் இருந்தார்கள்? நீ கூப்பிட்டாய், அவருக்குத் தெரிந்துவிட்டது.

சண்டை நடக்கிற இந்தக் காலத்தில் ஊரில் எல்லாரும் குரலைத் தாழ்த்தித்தான் கதைக்கிறார்கள், எனக்குத் தெரியும். இரவில் வாசலில் யார் கூப்பிட்டாலும் விளக்கை ஊதிவிட்டுத்தான் எட்டிப் பார்க்கிறோம். ஆனாலும் உன் வீட்டுக்குள் நீ கூப்பிடு. உன் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடு, நாளைக்கு அல்லாஹ் பிள்ளையைத் தந்தால் அதை வயலுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் கூப்பிடு. பிள்ளைகள் தம்மைக் கூப்பிடுகிற வாப்பாவைத்தான் திரும்பிக் கூப்பிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து நீ இங்கே சோறு தின்ன வருவாய். முன்வாசலால் தங்கச்சி வீட்டுக்குள் நுழைந்து, சத்தமில்லாமல் வந்து என் முதுகுக்குப் பின்னால் நிற்காதே. ஒழுங்கை முனையிலேயே நின்று "உம்மா" என்று ஒரு சத்தம் போடு. நான் பின்னறையில்தான் இருப்பேன், காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் எனக்குக் கேட்கும். நீ வந்து சேரும்வரை உள்ளே இருக்க மாட்டேன், இந்தத் தடவை கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவேன்.

உன் உம்மா